ஆறாம் கவுண்டரில் ரத்தான மஞ்சள்

ராதாகிருஷ்ணனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. அவரே தினம் ஒரு தடவையாவது சொல்வார். கிள்ளான் டவுனில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் மேனேஜர் அவர். தீபாவளிக்கு எவ்வளவு நெய் போகும், சீனப் பெருநாளுக்கு எத்தனை பெட்டி ஆரஞ்சு போகும் என்று கணக்குப் பார்க்காமலே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அப்படிப்பட்டவர் முன்னால் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, உங்களுக்குத் தெரியாததை இது கண்டுபிடித்துச் சொல்லும் என்றால் சும்மா இருப்பாரா? முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தவள் மார்க்கிரட். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வே உத்தியோகம் பார்த்த கிறிஸ்தவக் குடும்பம், வீடு பிரிக்பீல்ட்ஸில். பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காக அவள் எழுதிய புரோகிராமை இந்தக் கடையில் ஓட்டிப் பார்க்க நிர்வாகம் ஒத்துக்கொண்டிருந்தது. 1998ஆம் வருடம் அது. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து, கடைக்கடையாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். செலவில்லாமல் ஒருத்தி வந்து வேலை பார்க்கிறாள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

புரோகிராம் செய்யும் வேலையைச் சொல்வது சுலபம். கடையின் ஒவ்வொரு ரசீதும் ஒரு கூடை. இதை வாங்கியவர்கள் கூடவே எதை வாங்கினார்கள் என்று லட்சக்கணக்கான கூடைகளை அது துழாவும். துழாவி, இது இருந்தால் அதுவும் இருக்கும் என்று விதிகளாகக் கொட்டும். கொட்டுவதுதான் சிக்கல். ஆயிரம் விதி வந்தால் தொள்ளாயிரத்துக்கு மேல் குப்பை. ரொட்டி வாங்கியவர் வெண்ணெய் வாங்கினார் என்று சொல்ல கம்ப்யூட்டர் எதற்கு?

அதனால் மார்க்கிரட் கடையைத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எங்கே தேட வேண்டும் என்று அவர் சொல்வார். வருகிற ஒவ்வொரு விதியையும் பார்த்து மூன்று பட்டன்களில் ஒன்றை அமுக்குவார்: 'மேலே பார்', 'வேண்டாம்', 'தெரிந்ததே'. 'தெரிந்ததே' என்று அமுக்கிவிட்டால் அந்த விதியும் அதன் சாயலில் உள்ள எல்லாமும் திரையை விட்டுப் போய்விடும். தெரிந்ததெல்லாம் ஒதுங்கினால் தெரியாதது தானே மேலே வரும் அல்லவா? அந்த மூன்றாவது பட்டனைத்தான் அவளுடைய பேராசிரியர் ரொம்பவும் மெச்சினார். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

முதல் நாள் மத்தியானம் முழுக்க ராதாகிருஷ்ணன் அந்தப் பட்டனை விடவே இல்லை. "இது தெரிஞ்சதுதான் லா. இது யாருக்குத் தெரியாது?" என்று சொல்லிச் சொல்லி அமுக்கினார். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த பையனுக்கு வருமே, அந்த உற்சாகம். மார்க்கிரட்டுக்கும் சந்தோஷம்தான். இவ்வளவு அறிந்த மனிதர் வழிகாட்டினால் புரோகிராம் வேறு எதைக் கேட்கும்?

இரண்டு வாரம் போனது. கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து ராதாகிருஷ்ணனுக்கு ஒரு நெருக்கடி வந்தது. சரக்கு வந்த கணக்குக்கும் விற்ற கணக்குக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது, யார் திருடுகிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். தலைமையகத்தில் ஒரு பெரிய நாற்காலி காலியாகப் போகிறது, அதற்கு இவர் பெயரும் அடிபடுகிறது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். அவர் நேராக மார்க்கிரட்டிடம் வந்தார்.

கேஷியர்கள் திருடும் வழி ஒன்று உண்டு. பொருளை ஸ்கேன் செய்து காசை வாங்கிக்கொள்வது. வாடிக்கையாளர் நகர்ந்ததும் அந்தப் பொருளை ரத்து செய்துவிடுவது. கணக்கில் விற்பனை இருக்காது, காசு பைக்குள் இருக்கும். ஆகவே ரத்தான பொருட்களையும் கூடையில் சேர்த்துத் தேடு, விதியின் முடிவில் கவுண்டர் எண் வர வேண்டும் என்றார் ராதாகிருஷ்ணன். புத்திசாலித்தனமான கட்டளைதான். மார்க்கிரட் அப்படியே செய்தாள். திரையில் முதல் வரியாக வந்து நின்றது: மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு ரத்தானால், அது ஆறாம் கவுண்டர்.

ஆறாம் கவுண்டர் இராஜம்மாவுடையது.

இராஜம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்டமாரானிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். புருஷன் பக்கிரிசாமிக்குத் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு போனது. அதற்குப் பிறகு வீட்டில் சம்பாதிப்பவள் அவள் மட்டும்தான். மற்ற கவுண்டர்களில் ஆள் இல்லாவிட்டாலும் நம் பெண்கள் ஆறில்தான் வரிசை பிடித்து நிற்பார்கள். கை வேலை செய்யும், வாய் பேசும். கல்யாணத்துக்கா, காதுகுத்துக்கா, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று எல்லாம் விசாரிப்பாள். ஒருமுறை மார்க்கிரட்டின் வெறும் நெற்றியைப் பார்த்து உரிமையோடு கோபித்துக்கொண்டாள். வேதக்காரப் பெண் என்று தெரிந்ததும், அப்படியானால் கிறிஸ்மஸ் கேக் எனக்கு ஒரு துண்டு வர வேண்டும் என்று அங்கேயே சொல்லிவைத்தாள்.

அவளைத்தான் ஒரு நாள் காலை, வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே, கவுண்டரை மூடச் சொல்லிப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். பையில் சாப்பாட்டு டப்பாவும் புருஷனுக்கு வாங்கிய தைலமும் இருந்தன. விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்று சாயங்காலத்துக்குள் பண்டமாரானில் சேதி பரவிவிட்டது. வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். திருடி என்ற பெயரோடு எந்தக் கடையில் கல்லாப்பெட்டி முன்னால் உட்காருவாள்?

மார்க்கிரட்டுக்கு அன்றிலிருந்து நிம்மதி போய்விட்டது. தன் புரோகிராம் ஒரு ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்பதில் அவளுக்குப் பெருமை வரவில்லை. கொமுட்டர் ரயிலில் வரும்போதும் போகும்போதும் அதே யோசனை. திருடுகிறவள் பால்மாவு டின்னை அல்லவா ரத்து செய்வாள்? மஞ்சளிலும் வெற்றிலையிலும் என்ன கிடைக்கும்? இதை ராதாகிருஷ்ணனிடம் கேட்டாள். சின்னச் சாமான் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அதுதான் அவள் சாமர்த்தியம் என்றார். ஒரு விதியை நம்புவதென்று முடிவு செய்துவிட்டால் அதற்குக் காரணமா கிடைக்காது?

விசாரணை வெள்ளிக்கிழமை என்று முடிவானது. வியாழன் பிற்பகல் மார்க்கிரட் ஒரு வேலை செய்தாள். ராதாகிருஷ்ணன் அதுவரை சொல்லிவைத்த எதையும் காதில் வாங்காமல், வெறும் ரசீதுகளை மட்டும் வைத்து, கிழமையையும் நேரத்தையும் சேர்த்து முதலிலிருந்து ஓட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது பதில் காத்திருந்தது. ஆறாம் கவுண்டரின் ரத்துகள் நாள் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம். செவ்வாய் என்றால் மாலையில். ஞாயிறு என்றால் விளக்கு வைக்கப் போகும் நேரம். திங்கட்கிழமை ஒன்றுகூட இல்லை. வாரத்துக்கு வாரம், மாதத்துக்கு மாதம் அப்படியே.

டைம்டேபிள் போட்டுத் திருடுகிற திருடியை அவள் கேள்விப்பட்டதில்லை. அந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். ராதாகிருஷ்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. அவர் மேசைக்கு மேலே, மளிகைக்கடை இனாமாகக் கொடுத்த தமிழ்த் தேதிக் காலண்டர் தொங்கியது. இத்தனை நாளாக அதில் தேதியை மட்டுமே பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தாள்: ராகு காலம், 10.30 முதல் 12.00 வரை. தாளைப் புரட்டினாள். சனி, ஞாயிறு, திங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திங்களுக்குக் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. அந்த நேரத்தில் கடையே திறந்திருக்காது.

அந்த வார்த்தையை அவள் கேட்டிருக்கிறாள். தமிழர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவள் கேட்காமல் இருப்பாளா? ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை. எந்த நாளில் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில், ராதாகிருஷ்ணன் ஒதுக்கிய விதிகளை மட்டும் வரிசையாகக் காட்டச் சொன்னாள். அதில் இருந்தது. வெள்ளி மத்தியானத்துக்கு முன்னால் மஞ்சளும் வெற்றிலையும் விற்காது. பக்கத்திலேயே முதல் நாள் அவர் கொடுத்த பதில்: 'தெரிந்ததே'.

அவர் அதை அமுக்கிய கணத்தில், நேரம் சம்பந்தப்பட்ட அத்தனை விதிகளையும் புரோகிராம் பணிவோடு மறைத்துவிட்டது. காரணம் போய்விட்டது, கவுண்டர் எண் மட்டும் மிஞ்சியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் பிரித்து வைக்க ஒரு பட்டனே இருந்திருக்கிறது.

ராதாகிருஷ்ணன் வந்தபோது நெற்றி நிறையத் திருநீறு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவார். மார்க்கிரட் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வாங்குகிற அரிசிக்கும் பருப்புக்கும் யாரும் நேரம் பார்ப்பதில்லை. ஆனால் கல்யாணத்துக்கோ நிச்சயத்துக்கோ மங்களச் சாமான் எடுக்கிறவர்கள் ராகு காலத்தில் எடுக்க மாட்டார்கள். வரிசையில் நிற்கும்போதே நேரம் ஆகிவிட்டால், பேச்சு வாக்கில் விசேஷம் என்று தெரிந்துகொண்ட இராஜம்மா, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். மஞ்சளையும் குங்குமத்தையும் மட்டும் ரத்து செய்து, எடுத்து ஓரமாக வைத்து, அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்புவாள். இதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

"எனக்குத் தெரியும் மார்க்கிரட்," என்றார் மெதுவாக. "தெரியும்கிறதாலதானே அமுக்கினேன். அமுக்கினதோட மறந்துட்டேன்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். பாவம் அந்தப் பொம்பளை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். விசாரணை கீழே தொடங்கிவிட்டது, எல்லாவற்றையும் பிரிண்ட் எடு, நானே வந்து சொல்கிறேன் என்றார். புகார் கொடுத்தவர் விசாரணையில் உட்காரக்கூடாது என்பதால்தான் அவர் அங்கே போகாமல் நேராக மேலே வந்திருந்தார். மார்க்கிரட் அவசரப்பட, பிரிண்டர் அதன் இஷ்டத்துக்குக் கரகரவென்று ஒரு வரிக்கு ஒரு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. படியில் இறங்கும்போது ராதாகிருஷ்ணன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தலைமையகத்து ஆட்கள் வரும் நாளில் எப்போதும் அப்படிச் செய்வார். வழக்கம்தானே என்று மார்க்கிரட் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஊழியர்கள் சாப்பிடும் அறையில்தான் விசாரணை. தலைமையகத்திலிருந்து வந்த திரு. டான் மரியாதை தெரிந்த மனிதர். இராஜம்மாவுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்திருந்தார். அவர் மலாயில் கேட்டார், அவள் மலாயில் பதில் சொன்னாள். ஏன் ரத்து செய்தாய் என்றதற்கு, வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நானே நேரம் பார்த்துச் சொன்னேன் என்றால், வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறாள் என்று அது வேறு குற்றமாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். திரு. டான் ஒரு தாளை முன்னால் வைத்தார். எடுத்தது உண்மை என்று ஒப்புக்கொண்டு வேலையை விட்டுவிட்டால் போலீசுக்குப் போக மாட்டோம், யோசித்துச் சொல், வேண்டுமானால் வீட்டில் கேட்டுக்கொண்டு திங்கட்கிழமை வா என்றும் சொல்லியிருந்தார்.

இவர்கள் இரண்டு பேரும் உள்ளே நுழைந்தபோது இராஜம்மா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மார்க்கிரட் மேசையருகே ஓடினாள். "அக்கா, செய்யாததுக்கு ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள்.

"மணியைப் பாரு தங்கச்சி, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும்," என்றாள் இராஜம்மா. "அதுக்குள்ள முடிஞ்சிட்டா இதோட போயிடும். இழுத்துக்கிட்டே போனா போலீஸ் ஸ்டேஷன்ல போய் நிக்கும்னு பயந்துட்டேன். அவரு இடுப்பு ஒடிஞ்சு கெடக்கிறாரு. நான் உள்ள போனா யாரு பாப்பா?"

அவள் என்ன சொல்கிறாள் என்று திரு. டான் ராதாகிருஷ்ணனிடம் ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போக வேண்டுமாம் என்றார் ராதாகிருஷ்ணன்.

மார்க்கிரட் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவர் சொல்லட்டும் என்று கொஞ்சம் காத்தாள். பிறகு அவளே சொன்னாள். தாள்களை மேசையில் விரித்து, கிழமையையும் நேரத்தையும் காட்டி, ராகு காலம் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அது ஏதோ பொடிசுகளுக்குச் சொல்லும் கதை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. பாம்பு என்றாள், சூரியன் என்றாள், கெட்ட நேரம் என்றாள். தானே நம்பாத ஒன்றை எப்படி நம்பும்படி சொல்வது? ஆனால் திரு. டான் சிரிக்கவில்லை, கடைசி வரை கேட்டார். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்ட தாளை இன்னும் ஃபைலில் வைக்காமல் கையில்தான் பிடித்திருந்தார்.

"மிஸ்டர் ராதா, நீங்கள் இந்து. உங்கள் ஆட்கள் நிஜமாகவே இதைப் பார்த்தா சாமான் வாங்குகிறார்கள்?" என்று கேட்டார்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அந்த மனிதர் தாளை அங்கேயே கிழித்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன். ஆனால் ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும். தெரிந்துமா புகார் கொடுத்தாய் என்று வரும். கம்ப்யூட்டர் திருடியைப் பிடித்துவிட்டது என்று அவர் தலைமையகத்துக்கு எழுதி, அங்கே பாராட்டும் வாங்கியாகிவிட்டது. அதற்கும் மேலே, கோட்டு போட்ட அதிகாரி முன்னால், நாங்கள் காலண்டரில் பாம்பு நேரம் பார்த்து மஞ்சள் வாங்குகிறவர்கள் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கு ஆத்திரம் வருவது இந்தக் கூச்சத்தின் மேல்தான்.

"கிராமத்து ஆட்கள், வயதானவர்கள், சிலர் நம்புவார்கள்," என்றார் ராதாகிருஷ்ணன் ஆங்கிலத்தில். "இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்?"

திரு. டான் தலையாட்டினார். தாளை ஃபைலில் வைத்தார்.

மார்க்கிரட் ராதாகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். காலண்டரைப் புரட்டியபோது இன்னொன்றும் அவளுக்குப் புரிந்திருந்தது. அவள் வந்த நாளிலிருந்து அந்தக் கடையில் ஒரு கூட்டமாவது, ஒரு நேர்முகத் தேர்வாவது ராகு காலத்தில் தொடங்கியதில்லை. "சார், இந்த விசாரணையை ஒன்பதரைக்கு வெச்சதே நீங்கதானே?" என்று தமிழில் கேட்டாள். "எதுக்காக ஒன்பதரை?"

பதில் இராஜம்மாவிடமிருந்து வந்தது. ஆங்கிலத்தில் நடந்தது எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் தனக்காக வந்து வாதாடினார்கள், அதனால்தான் அந்த அதிகாரி இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டார் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரம் பாத்துத்தான் வெச்சிருக்காரு தங்கச்சி. திருடின்னு பேரு வாங்கினவளுக்கு நேரம் பாக்க யாருக்கு மனசு வரும்?" என்று சொல்லிவிட்டு, ராதாகிருஷ்ணனைப் பார்த்துக் கை கூப்பினாள். "போலீசு இல்லாம முடிச்சுக் குடுத்தீங்க சார். நீங்க நல்லா இருக்கணும்."

ராதாகிருஷ்ணனும் பதிலுக்குக் கை கூப்பினார்.